பெயர் செக்ரோலில் இருக்கட்டும், பெரட்டுக்கு வரவேண்டாம்

கணினி விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, போர்த்தந்திர ஆட்டங்களில் வேண்டாத ஒரு தரப்பை எப்படி நீக்குவது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். கோப்புகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்கும். நான் இடைவெளி விட்ட இடங்களில் அங்கே ஓர் அடிக்கோடு இருக்கும்.

கேள்வி: ஐயா, நானும் என் தம்பியும் 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோம்: டோட்டல் வார்’ ஆட்டத்தை வீட்டிலுள்ள பழைய கணினியில் ஆடி வருகிறோம். எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், கிழக்கே எகிப்து வளர்ந்து வளர்ந்து சிரியாவையும் தாண்டி வந்துவிடுகிறது. அதன் தேர்ப்படை வரைபடத்தில் தெரிந்தாலே தம்பி எழுந்து போய்விடுகிறான். எகிப்தையே இல்லாமல் செய்துவிடலாம் என்று ‘டெஸ்கர் எஸ்எம் ஃபேக்ஷன்ஸ்’ என்ற கோப்பைத் திறந்து, அதில் எகிப்துக்கு உரிய பகுதி முழுவதையும் அழித்தேன். இப்போது முகப்புப் பக்கம் வருவதற்குள் ஆட்டம் தானாக மூடிக்கொள்கிறது. பிழை என்று ஒரு சொல்கூடக் காட்டுவதில்லை. எங்கே தவறினேன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நீங்கள் நினைத்த காரியம் சரி, அதைச் செய்த கோப்புதான் தவறு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. செக்ரோல் வேறு, பெரட்டு வேறு. ஆபீசில் கிராணி வைத்திருந்த செக்ரோலில் தோட்டத்து ஆள் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும்; சம்பளம், லயத்து வீடு, ஆஸ்பத்திரிச் சீட்டு என எல்லாக் கணக்கும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். விடியற்காலைப் பெரட்டில் வந்து நிற்பவர்கள் மட்டுமே அன்றைக்கு வேலைக்காட்டுக்குப் போவார்கள். ஓர் ஆள் வேலைக்கு வரக்கூடாது என்றால் அவரைப் பெரட்டில் நிறுத்தாமல் விட்டால் போதும். செக்ரோலிலிருந்தே பெயரைக் கிழித்தெடுத்தால், அந்தப் பெயரைத் தேடும் மற்ற எல்லாப் புத்தகங்களிலும் கணக்கு உதைக்கும்.

நீங்கள் திறந்த ‘டெஸ்கர் எஸ்எம் ஃபேக்ஷன்ஸ்’ இந்த ஆட்டத்தின் செக்ரோல். அதில் 21 பெயர்கள் இருக்கின்றன: கிளர்ச்சியாளரையும் சேர்த்து இந்த ஆட்டம் ஏற்கும் உச்ச எண்ணிக்கையே அதுதான். அவற்றுள் ‘ஈஜிப்ட்’ என்ற சொல்லை எத்தனை கோப்புகள் நம்பியிருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு படைப்பிரிவும் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் ‘எக்ஸ்போர்ட் டெஸ்கர் யூனிட்’ கோப்பில் ‘ஓனர்ஷிப்’ என்று தொடங்கும் வரி இருக்கிறது. கட்டடங்களைப் பட்டியலிடும் ‘எக்ஸ்போர்ட் டெஸ்கர் பில்டிங்ஸ்’ கோப்பில் யார் எதைக் கட்டலாம் என்ற நிபந்தனை அடைப்புக்குறிகளுக்குள் இருக்கிறது. மனிதர்களின் பெயர்களைத் தரப்புவாரியாகத் தொகுக்கும் ‘டெஸ்கர் நேம்ஸ்’, போர்க்களத்தில் வீரர்களுக்கு உடை மாட்டும் ‘டெஸ்கர் மாடல் பேட்டில்’, மாகாணங்களின் பூர்வீகம் கூறும் ‘டெஸ்கர் ரீஜன்ஸ்’ ஆகிய எல்லாவற்றிலும் அந்தப் பெயர் வருகிறது. ஆட்டம் திறக்கும்போது இவற்றை வரிசையாகப் படிக்கிறது. தேரோட்டியின் சொந்தக்காரர் ‘ஈஜிப்ட்’ என்று ஒரு கோப்பு சொல்ல, அப்படி யாரும் இல்லையே என்று செக்ரோல் சொல்ல, அங்கேயே அது மூடிக்கொள்கிறது. இத்தனை கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடித்தேடி அழிக்கும் பிடிவாதக்காரர்கள் உண்டு. ஒரு வார வேலை. பலனோ நான் கீழே சொல்லும் அரை மணி நேர வேலையின் பலன்தான்.

முதலில் அழித்ததைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மூலக் கோப்பின் நகல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், ஆட்டத்தை ஸ்டீம் வழியாக வாங்கியிருக்கும் பட்சத்தில், அதன் பண்புகள் பக்கத்தில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. மாறிப்போன கோப்புகளை அது மூல நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வட்டிலிருந்து நிறுவியவர்கள் மறுபடியும் நிறுவவேண்டியதுதான்.

பெரட்டுக்கு உரிய கோப்பு ‘டெஸ்கர் ஸ்ட்ராட்’. டேட்டா என்ற கோப்புறைக்குள் வேர்ல்ட், அதற்குள் மேப்ஸ், அதற்குள் கேம்பெய்ன், அதற்குள் இம்பீரியல் கேம்பெய்ன் என்று இறங்கிப் போனால் அது கிடைக்கும். தொடுவதற்கு முன் இம்பீரியல் கேம்பெய்ன் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கும் கி.மு. 270ஆம் ஆண்டில் யார் எந்த ஊரில் இருக்கிறார், கையில் எவ்வளவு பணம், யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் இந்த ஒரு கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இதில் ஒரு தரப்பைச் சொல்லாமல் விட்டால் ஆட்டம் கோபித்துக்கொள்ளாது என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது: புதிதாக ஆடுபவர்களுக்குப் பாடம் நடத்தும் ‘புரோலாக்’ கேம்பெய்ன் (வரைபடத்தில் நாடு பிடிக்கும் தொடர் ஆட்டம்) இத்தாலிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, அங்கே எகிப்தும் இல்லை, பார்த்தியாவும் இல்லை. ஆனால் இரண்டின் பெயர்களும் செக்ரோலில் பத்திரமாக இருக்கின்றன.

கோப்பின் தலைப்பகுதியில் ‘பிளேயபிள்’, ‘அன்லாக்கபிள்’, ‘நான்பிளேயபிள்’ என்று மூன்று பட்டியல்கள் இருக்கும். ‘ஈஜிப்ட்’ இரண்டாவதில் இருக்கும். நீங்கள் முன்பே அதைத் திறந்துவிட்டு ஆடியவர் என்றால் முதலாவதில் இருக்கலாம். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். பிறகு கீழே இறங்கி, ‘ஃபேக்ஷன் ஈஜிப்ட்’ என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். பொன்னிருப்பைக் கூறும் ‘டெனாரி’ வரி, அதன்கீழ் ஊர்கள், அதன்கீழ் அரசன் முதல் ஒற்றன் வரையிலான ஆட்கள், கடைசியில் குடும்ப உறவுகள் என்ற வரிசையில் அது அமைந்திருக்கும். இதை முழுவதுமாக எடுக்கத்தான் போகிறோம். ஆனால் ஊர்களை அழிக்காமல் வேறொருவர் தலையில் கட்டியாக வேண்டும்.

ஓர் ஊரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மெம்பிஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘செட்டில்மென்ட்’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஒரு நெளி அடைப்புக்குறி திறக்கிறது. உள்ளே ‘லெவல்’ என்ற வரி ஊரின் தகுதியைச் சொல்கிறது. ‘ரீஜன்’ என்ற வரி ஊரின் பெயரைச் சொல்லாமல் மாகாணத்தின் பெயரைச் சொல்லும் என்பதைக் கவனியுங்கள்; ஆகவே இங்கே மெம்பிஸைத் தேடினால் கிடைக்காது, ‘மிடில் ஈஜிப்ட்’ என்றுதான் தேட வேண்டும். அடுத்து மக்கள்தொகை. அதன்பின் ‘ஃபேக்ஷன் கிரியேட்டர் ஈஜிப்ட்’ என்ற வரி. அதற்குக் கீழே கட்டடங்கள், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஜோடி அடைப்புக்குறியுடன். கடைசியில் ஊருக்கான அடைப்புக்குறி மூடுகிறது. இந்தத் துண்டை அப்படியே வெட்டி, புதிய சொந்தக்காரரின் பகுதியில், அவருடைய ஊர்களுக்குக் கீழேயும் ஆட்களுக்கு மேலேயும் ஒட்டினால் ஊர் கைமாறிவிட்டது. ‘ஃபேக்ஷன் கிரியேட்டர்’ வரியைத் தொடவேண்டியதில்லை. ஊரைக் கட்டியவர் எகிப்தியர் என்ற வரலாறு மட்டுமே அது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை ஆட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். செக்ரோலைக் கிழிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

வெட்டும்போது கடைசி அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். ஜார்ஜ்டவுனில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிய ஒரு கணினி மையத்தில், பல ஆண்டுகளுக்கு முன், இதே வேலையைச் செய்தபோது ஒரே ஓர் அடைப்புக்குறியை நான் பழைய இடத்திலேயே விட்டுவந்தேன். இரண்டு இரவுகள் தேடினேன். மூன்றாம் இரவில், அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத நண்பர் ஒருவர், திறந்தவை எத்தனை, மூடியவை எத்தனை என்று விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் காசும் அவருக்கு வாங்கிக் கொடுத்த மீகோரெங்கும் என் கணக்கு.

ஊர்களை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் உண்மையான யோசனை வேண்டும். பலரும் பக்கத்தில் சிரியாவை வைத்திருக்கும் செலூசியருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நைல் நதிக்கரையின் வருமானமும் சிரியாவின் வருமானமும் ஒரே கையில் சேர்ந்தால், எகிப்து போய் எகிப்தின் அண்ணன் வந்ததுபோல ஆகிவிடும். என் பரிந்துரை கிளர்ச்சியாளர்கள். அவர்கள் ஊரைக் காப்பார்களே தவிர, பேரரசு கட்டக் கிளம்ப மாட்டார்கள். வழக்கமான ஆட்டத்தில் எகிப்து, பார்த்தியா, பொந்தஸ், ஆர்மீனியா என்று நாலு பக்கமும் அடிவாங்கிச் சீக்கிரமே ஒழிந்துபோகும் செலூசியர், தெற்குப் பக்கத்து அடி நின்றவுடன் மூச்சுவிட்டு எழுவார்கள். கிழக்கில் ஒரு சமநிலை வரும். அதுதான் உங்களுக்கும் தம்பிக்கும் வேண்டியது.

கிளர்ச்சியாளர் பகுதி கோப்பில் ‘ஸ்லேவ்’ என்ற பெயரில் இருக்கும். ஊர்த் துண்டுகளை அங்கே ஒட்டியபின், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல்படை கொடுங்கள். படையில்லாத அலெக்சாந்திரியாவில் முதலில் வந்து சேர்பவர் வாசற்கதவைத் தட்டாமலே நுழைந்துவிடுவார். அதே பகுதியில் ஏற்கெனவே இருக்கும் கிளர்ச்சித் தலைவர் ஒருவரின் வரிகளை நகலெடுத்து மாற்றுவது எளிது. அந்த வரியில் ‘சப் ஃபேக்ஷன்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு தரப்பின் பெயர் இருப்பதைக் காண்பீர்கள்; அந்தத் தலைவர் எந்த இனத்தின் பெயரும் உருவமும் கொண்டவர் என்பதை அது சொல்கிறது. அங்கே ‘ஈஜிப்ட்’ என்று போட்டு, ‘டெஸ்கர் நேம்ஸ்’ கோப்பில் எகிப்துப் பட்டியலில் உள்ள ஓர் ஆண்பெயரைக் கொடுங்கள். நின்றிருக்கும் இடத்தைக் காட்டும் இரண்டு எண்களை, அழிக்கப்போகும் எகிப்துத் தளபதி அந்த ஊரில் எந்த எண்களில் நின்றாரோ அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஒரே கட்டத்தில் இரண்டு பேரை நிறுத்திவிடாதீர்கள். எகிப்தின் அரசன், இளவரசர்கள், ஒற்றர்கள், கப்பல்கள், உறவு வரிகள் எல்லாவற்றையும் இதற்குப் பிறகு தாராளமாக அழிக்கலாம். அவர்களைச் செலூசியர் பகுதிக்கு மாற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். புதிய வீட்டின் பெயர்ப்பட்டியலில் அந்தப் பெயர்கள் இல்லாததால் மறுபடியும் ஆட்டம் மூடும்.

இத்தனையும் செய்தபின் பலர் மறப்பது கோப்பின் அடிப்பகுதி. ‘கோர் ஆட்டிட்யூட்ஸ்’, ‘ஃபேக்ஷன் ரிலேஷன்ஷிப்ஸ்’ என்று தொடங்கும் வரிகள் அங்கே வரிசையாக இருக்கும்: முதலில் ஒரு தரப்பு, பிறகு பகைமையைக் குறிக்கும் எண், அதன்பின் காற்புள்ளி இட்டுப் பிரிக்கப்பட்ட மற்றத் தரப்புகள். எகிப்தை முதலாகக் கொண்ட வரிகளை முழுவதும் நீக்குங்கள். பிறருடைய வரிகளின் நடுவிலும் முடிவிலும் எகிப்து ஒளிந்திருக்கும். அங்கே பெயரோடு அதை ஒட்டிய காற்புள்ளியையும் சேர்த்து எடுக்க வேண்டும். அந்த வரியில் எகிப்து ஒன்றே இருந்தால் வரியையே எடுத்துவிடலாம். உடனே அழிக்கத் தயக்கமாக இருந்தால், வரியின் தொடக்கத்தில் ஓர் அரைப்புள்ளி போடுங்கள். ஆட்டம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகும்.

திருத்துவதற்கு நோட்பேட் போதும். பிழையைக் காட்டாமல் மூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டத்தின் குறுக்குவழிச் சின்னத்தில் இலக்கு என்னும் கட்டத்தின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடிட்டு, ‘ஷோ எர்’ என்பதை இடையில் அடிக்கோட்டுடன் சேர்த்தால், ஆட்டம் மூடும்போது எந்தக் கோப்பில் எந்த வரியில் தடுக்கியது என்று ஒரு சிறு பெட்டியில் சொல்லிவிட்டுப் போகும். இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த மீகோரெங் காசு மிஞ்சியிருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் எகிப்து அப்படியே நிற்கிறது என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. சேமித்து வைத்த பழைய ஆட்டத்தைத் திறந்திருப்பீர்கள். புதிய கேம்பெய்ன் தொடங்கும்போது மட்டும்தான் ‘டெஸ்கர் ஸ்ட்ராட்’ படிக்கப்படுகிறது. அல்லது வட்டிலிருந்து ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் நிறுவியிருப்பீர்கள். விண்டோஸ் விஸ்டா முதல், அங்கே உள்ள கோப்பை நீங்கள் திருத்திச் சேமித்தால், விண்டோஸ் அதை ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடக்கூடும். ஆட்டத்தை வேறொரு கோப்புறையில் நிறுவினால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். என் மகன் இதே ஆட்டத்தில் எகிப்தை நீக்கிவிட்டு ஆடுகிறான். அவ்வளவு பெரிய நாகரிகத்தை வரைபடத்திலிருந்து துடைத்துவிட்டு ஆடுவது, வரலாற்றைத் தவறாக மனத்தில் பதியவைக்காதா?
– ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் மகன் துடைத்தெறிந்த எகிப்து கி.மு. 270இல் இருந்த எகிப்து அன்று என்பதால், கவலையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், டீச்சர்.

ஆட்டத்தில் வரும் எகிப்தியர் தேரில் வருகிறார்கள். உடையும் அணிகலனும் பாரோக்கள் காலத்தவை. இரண்டாம் ராம்செஸ் கடேஷ் போரில் தேர்ப்படையோடு நின்றது கி.மு. 1274ஐ ஒட்டிய காலத்தில். ஆட்டம் தொடங்குவதோ அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து. இடையில், கி.மு. 332இல் அலெக்சாந்தர் எகிப்தைப் பிடித்தார். அவர் இறந்தபின் அவருடைய தளபதி தாலமி அதைத் தனதாக்கி, அரசர் பட்டமும் சூட்டிக்கொண்டார். கி.மு. 270இல் அரியணையில் இருந்தவர் அவருடைய மகன் இரண்டாம் தாலமி. அரசவையின் மொழி கிரேக்கம். படையின் நடுக்கூறு, நீண்ட ஈட்டிகளை நீட்டிக்கொண்டு அணிவகுத்த மக்கெதோனிய முறைக் காலாட்படை. கி.மு. 217இல் ரஃபியாப் போரில் நான்காம் தாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகள் செலூசிய மன்னர் மூன்றாம் ஆந்தியோக்கசின் 102 இந்திய யானைகளை எதிர்த்து நின்றன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதிவைத்திருக்கிறார். தாலமியின் யானைகள் பின்வாங்கிய பிறகும், அவருடைய ஈட்டிக் காலாட்கள்தாம் வெற்றியைப் பெற்றுத் தந்தார்கள். எகிப்து மண்ணின் மைந்தர்கள் 20,000 பேர் அந்த அணியில் ஈட்டி பிடித்து நின்றார்கள் என்ற செய்தியும் அவரிடமே கிடைக்கிறது. ஆட்டம் காட்டும் தேர் இவை எதிலும் இல்லை.

எனவே நீக்குவதா வேண்டாமா என்பதைவிட, திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் மகனைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ‘யூரோப்பா பார்பரோரம்’ என்ற மோட்டை (ரசிகர்கள் ஆட்டத்தைத் திருத்தி வெளியிடும் பதிப்பை) உருவாக்கியவர்கள் அதைத்தான் செய்தார்கள்: எகிப்தின் இடத்தில் தாலமி அரசை வைத்து, தேர்களை எடுத்துவிட்டு, கிரேக்கப் பெயருடன் மக்கெதோனியப் படையைக் கொடுத்தார்கள். அதைப் பதிவிறக்கி ஆடச் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக நகரும் ஆட்டம், பொறுமை வேண்டும்; ஆனால் வரலாற்றுப் பாடத்துக்கு அருகில் வரும் ஆட்டம்.

வகுப்பில் சொல்ல உங்களுக்கு இன்னொரு செய்தி. அதே இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரால் செங்கடற்கரையில் பெரனிகே என்ற துறைமுகத்தை அமைத்தார். போர்யானைகள் வந்து இறங்கிய துறை அது. பிற்காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டு அளவில், அங்கே நம் வணிகர்களும் வந்து போனார்கள். பெரனிகே அகழாய்வில் தமிழி எழுத்தில் ‘கொற்றபூமான்’ என்ற பெயரைக் கீறிய பானை ஓடு கிடைத்தது. அதே கரையில் வடக்கே, குசேர் அல் கதீமில், ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடு கிடைத்தது. உறியில் தொங்கவிட்ட பானையாக இருக்கலாம். ஆட்டத்தின் வரைபடம் இந்தியாவை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுவதால் கொற்றபூமான் போன்றவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆனால் உங்கள் மகன் அழித்த அந்த ஊர்களின் கடற்கரையில் அவர்கள் இறங்கி நடந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள், எகிப்தை அவனே திரும்பக் கொண்டுவந்துவிடுவான்.

கேள்வி: நான் ரோமானியக் குடும்பங்களில் ஒன்றை எடுத்து ஆடுகிறேன். செனட் ஓயாமல் கட்டளை இடுகிறது: இந்தத் துறைமுகத்தை மறி, அந்த ஊரை முற்றுகையிடு என்று. கடைசியில் என் தலைவரையே தற்கொலை செய்துகொள்ளச் சொல்கிறது! செனட்டையும் எகிப்தைப்போல நீக்கிவிடலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: எகிப்துக்கு நீக்கம், செனட்டுக்கு விவாகரத்து. வழி வேறு.

ஜூலியை, புரூட்டி, சிப்பியை ஆகிய மூன்று குடும்பங்களும் செனட்டும் சேர்ந்து நான்கு ரோமானியத் தரப்புகள் இந்த ஆட்டத்தில் இருக்கின்றன. கட்டளைகள், பதவிகள், மக்கள் செல்வாக்கு, இறுதியில் வெடிக்கும் உள்நாட்டுப் போர் ஆகிய எல்லாமே ஆட்டத்தின் உள்ளேயே, நாம் திறந்து பார்க்க முடியாத இடத்தில், செனட் என்ற பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. செனட்டை வரைபடத்திலிருந்து எடுக்கப்போனால் அந்தப் பிணைப்புகள் எங்கே எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதைத் தொடாதீர்கள். ‘டெஸ்கர் ஸ்ட்ராட்’ கோப்பில் மூன்று குடும்பங்களின் பகுதிகளிலும், பொன்னிருப்பு வரிக்கு அருகில் ‘சூப்பர்ஃபேக்ஷன்’ என்று தொடங்கி செனட்டின் பெயரோடு முடியும் ஒரு வரி இருக்கும். யாருக்கு யார் மேலாள் என்று சொல்லும் வரி அது. மூன்று இடங்களிலும் அதை நீக்கிவிட்டுப் புதிய கேம்பெய்ன் தொடங்கினால், செனட் ரோம் நகரத்தை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும், மேலாளாக இருக்காது.

இதில் ஓர் இழப்பு உண்டு. செனட்டின் கட்டளையை நிறைவேற்றிப் பரிசு வாங்கும் இன்பமும், கடைசியில் ரோமின் மீதே படை திருப்பும் அந்தப் பதைபதைப்பும் போய்விடும். எனக்கு அது இந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி. என் தலைவரைச் சாகச் சொல்லி ஓலை வந்த அன்றைக்குத்தான் நான் உண்மையாகவே நாற்காலியின் நுனிக்கு வந்தேன். ஒரே ரோமாக, ஒரே அரசாக ஆடவேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், மூன்று குடும்பங்களையும் ஒன்றாக்கிய ‘ரோம் டோட்டல் ரியலிசம்’ என்ற மோட் இருக்கிறது. சொந்தமாக வெட்டி ஒட்டுவதைவிட அது நல்லது.

கேள்வி: ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ ஆட்டத்தில் மங்கோலியர் வராமல் தடுக்க முடியுமா? அவர்களுடைய பகுதியில் ஊர் ஒன்றுகூட இல்லையே, எதை வெட்டி யாரிடம் ஒட்டுவது?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உங்கள் ஆள் ஏற்கெனவே செக்ரோலில் மட்டும் இருப்பவர். இந்த ஆட்டம் 1080இல் தொடங்கி 1530இல் முடிகிறது. மங்கோலியர் இடையில்தான் பெரட்டுக்கு வருகிறார்கள். அதனால்தான் ‘டெஸ்கர் ஸ்ட்ராட்’ கோப்பில் அவர்கள் பெயரின்கீழ், பின்னால் எழுப்பப்படும்வரை இறந்தவராகக் கருதுக என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அவர்கள் எந்தக் காலத்தில், வரைபடத்தின் எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்பது ‘டெஸ்கர் ஈவென்ட்ஸ்’ கோப்பில் ஒரு நிகழ்வாக எழுதப்பட்டிருக்கிறது; அந்த நிகழ்வுக்கு உரிய வரிகளின் முன் அரைப்புள்ளி இட்டால் போதும். படை வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் நிகழ்வுகளுக்கும் அப்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால், வராத விருந்தாளிக்கு வாசலில் கோலம் போட்டு வைத்ததுபோல, கோட்டை மதிலை உயர்த்திக்கொண்டு காத்திருப்பீர்கள். தைமூர் படைக்கும் இதே வழிதான்.

இந்த ஆட்டத்தின் கோப்புகள் பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கும். ஆட்டத்தோடு வரும் ‘அன்பேக்கர்’ கருவியால் முதலில் அவற்றைப் பிரித்து, பிறகு ஆட்டத்தின் அமைப்புக் கோப்பில் ‘ஐஓ’ என்ற தலைப்பின்கீழ் ‘ஃபைல் ஃபர்ஸ்ட்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்ற விடையைக் கொடுத்தால்தான், பொட்டலத்தை விட்டுவிட்டு உங்கள் திருத்தத்தை அது படிக்கும். இதைச் செய்யாமல், மோட் வேலை செய்யவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: எகிப்தை நீக்கியபின் அந்த ஊர்கள் கிளர்ச்சியாளர் கையில் இருக்கின்றன. வழியெல்லாம் கொள்ளைக் கூட்டமும் முளைக்கிறது. கிளர்ச்சியாளர்களையும் நீக்கிவிட்டால்?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: முடியாது. ‘ஸ்லேவ்’ என்ற பெயரை ஆட்டம் தன் உள்ளேயே எதிர்பார்க்கிறது. சொந்தக்காரர் இல்லாத ஊர், முதலாளியை எதிர்த்து எழும் ஊர், கொள்ளையர், கடற்கொள்ளையர் எல்லாரும் அந்தப் பெயரில்தான் வாழ்கிறார்கள். கொள்ளைக் கூட்டத்தைக் குறைப்பதற்கு மட்டும் வழி இருக்கிறது. ‘டெஸ்கர் ஸ்ட்ராட்’ கோப்பின் தலைப்பகுதியில் ‘பிரிகண்ட் ஸ்பான் வேல்யூ’, ‘பைரட் ஸ்பான் வேல்யூ’ என்று இரண்டு வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். பலரும் எண்ணைக் குறைத்துவிட்டு முன்பைவிட அதிகமாகக் கொள்ளையர் வருகிறார்கள் என்று புலம்புகிறார்கள். எண்ணைக் கூட்டினால்தான் அவர்கள் குறைவார்கள். இரண்டையும் இரண்டு மடங்காக்கிப் புதிய கேம்பெய்ன் தொடங்கிப் பாருங்கள்.